வடக்கு வெளிச்சம்

பிறர் போட்ட கோட்டை இம்மியும் பிசகாமல் திரும்பப் போட்டுக் கொடுப்பவருக்கு, அந்தக் கோடே தவறாக இருந்தால் அதில் எவ்வளவு பங்கு உண்டு? சிரம்பானில் முப்பத்தைந்து வருடம் டிரேசராக இருந்த சிவபாக்கியத்தின் வாழ்க்கை இந்தக் கேள்வியில்தான் போய் நின்றது. அவர் அதைத் தேடிப் போகவில்லை. கேள்வி அவரிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தேழு.

டிரேசர் வேலை வெளியில் தெரியாத வேலை. கட்டடக் கலைஞர் பென்சிலில் போட்டுத் தரும் பிளான்மேல் மெல்லிய தாளை விரித்து, மைப் பேனாவால் ஒவ்வொரு கோடாகப் படியெடுக்க வேண்டும். தப்பாக விழுந்த கோட்டைச் சவர பிளேடால் சுரண்டுவார்கள். சுரண்டிய இடம் புளூபிரிண்ட் என்கிற நீலப் படியில் அழுக்காகத் தெரியும். சிவபாக்கியத்தின் தாள்களில் அந்த அழுக்கு இருக்காது என்பது ஊரில் நாலு ஆபீசுக்குத் தெரிந்திருந்தது. பெரிய புகழ் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைக் காப்பாற்றிக்கொள்ள அவர் கோட்டை மட்டுமே பார்க்கப் பழகியிருந்தார். கட்டடத்தைப் பார்ப்பது மற்றவர்கள் வேலை.

அவருடைய அப்பா துரைசிங்கம், லிங்கி ஆற்றுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமைக் கணக்கர். தோட்டத்துக்கு வெள்ளைக்காரப் பெயர் ஒன்று இருந்தது. ஜனங்கள் அதை மேட்டுத் தோட்டம் என்றுதான் சொன்னார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எழுதித் தந்த கடிதத்தில் பிழை இருந்தால் பிழையோடுதான் டைப் அடிக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. அந்த ஒழுங்கோடு சிவபாக்கியம் கான்வென்டில் படித்து முடித்தார், இருபது வயதில் தோட்டக் கம்பெனியின் இன்ஜினியர் ஆபீசில் சேர்ந்தார், தொழிலாளர்களின் லயத்து வீடுகளும் கிணறுகளும் புகைக்கூடுகளும் வரைந்தார். கல்யாணம் இரண்டு முறை பேசி இரண்டு முறையும் நின்றது. கம்பெனி தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பிய பிறகு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில், மெய்யப்பனின் ஆபீசுக்கு வந்தார்.

மெய்யப்பன் சிரம்பான் செட்டியார் வீட்டுப் பிள்ளை. லண்டனில் கட்டடக் கலை படித்துவிட்டு வந்தவர், சிவபாக்கியத்தைவிட எட்டு வயது இளையவர். ஆபீசில் அவர் 'அக்கா' என்பார், இவர் 'தம்பி' என்பார். வெளியாட்கள் வந்திருந்தால் 'சார்'.

எண்பத்தொன்றில் மெய்யப்பனின் பெரியப்பா சொக்கப்பன் ஆபீசுக்கு வந்து, மேட்டுத் தோட்டத்தில் ஒரு நவீனக் கலைக்கூடம் கட்ட வேண்டும் என்றார். கம்பெனி விற்றபோது அந்தத் தோட்டத்தின் மேட்டுப் பகுதியை வாங்கியவர் அவர்தான். இருபது வருடமாகக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் போய்ப் படங்களாக வாங்கி வந்து வீட்டில் அடுக்கியிருந்தார்.

"வீட்ல ஆணி அடிக்க எடமில்ல" என்றார். "போன வாரம் சாமி படத்தக் கழட்டிட்டு ஒரு கோணல் மூஞ்சிய மாட்டினேன். ஆச்சி ரெண்டு நாளு பேசல."

"எஸ்டேட்ல போய் யாரு பெரியப்பா பார்ப்பாங்க? சிரம்பான்லயே கட்டலாம்லா."

"பேங்க் கட்டினா பேரு பேங்குக்கு. கோயில் கட்டினா பேரு சாமிக்கு. இதக் கட்டினா பேரு யாருக்குன்னு பாக்கத்தான் போறேன். நீ வரைஞ்சு குடு."

நவீனக் கலைக்கு ஒரு வீடு எப்படி இருக்க வேண்டும்? கோயிலுக்கு இலக்கணம் உண்டு, பங்களாவுக்குப் பழக்கம் உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. மெய்யப்பன் ஆறு மாதம் தாள் தாளாகக் கிழித்துப் போட்டார். கடைசியில் வந்த யோசனை மோசமில்லை என்று சொல்லலாம். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைத்த பழைய புகைக்கூட்டை அப்படியே விட்டு, கரி படிந்த அதன் சுவர்களுக்கு நடுவே புகுந்துதான் உள்ளே வர வேண்டும். காலியாகப் போகும் ஒரு லயத்தின் பன்னிரண்டு வீடுகளுக்கும் நடுச்சுவரைத் திறந்துவிட்டால் சின்னப் படங்களுக்கு ஒரு நீண்ட பாதை. அதன் முடிவில் புதிதாக ஒரு பெரிய கூடம். ரம்பப் பற்களைப் போல ஏறி ஏறி இறங்கும் கூரை. ஒவ்வொரு பல்லின் செங்குத்துப் பக்கமும் கண்ணாடி. எல்லாக் கண்ணாடியும் வடக்கே பார்த்து.

"சுவர் படத்தைவிடச் சத்தமாப் பேசக்கூடாதுக்கா" என்பார் மெய்யப்பன். "வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னே தெரியக்கூடாது."

சிவபாக்கியம் தலையாட்டுவார். கட்டடத்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்ட முதல் ஆள் மெய்யப்பன். ஆனால் அது கேட்பதுபோல இருந்ததே தவிர, கேள்வி இல்லை.

அந்தக் கூடத்தின் தெற்குச் சுவர்தான் எல்லாவற்றிலும் நீளமானது. அதில் என்ன மாட்டுவது என்று பேச்சு வந்தபோது, யாரும் கேட்காமல் சிவபாக்கியம் வாயைத் திறந்தது அநேகமாக அதுதான் முதல் முறை. "ஆறுமுகம் எண்டு ஒரு ஆள் தோட்டத்திலை இருக்கிறார். அவரின்ரை படங்களை ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

ஆறுமுகம் புகைக்கூட்டில் விறகு தள்ளியவர். சிவபாக்கியத்தைவிட நாலைந்து வயது மூத்தவர். முப்பது வருடமாக, தோட்ட ஆபீசில் கழித்த பெயர்ப்பதிவுத் தாள்களின் பின்பக்கத்தில் படம் போட்டுவந்தார். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம், ஆபீஸ் சிவப்பு மை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வில்லைச் சாயம், புகைக்கூட்டுச் சுவரில் சுரண்டிய கரி. இவைதான் அவருடைய வண்ணங்கள். சின்ன வயதில் அந்தச் சிவப்பு மையை அப்பாவின் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தது சிவபாக்கியம்தான். அப்போது ஆறுமுகத்தை 'நீ' என்றுதான் கூப்பிட்டார். இப்போது 'நீங்கள்'. பெயருக்குப் பின்னால் 'அண்ணை' என்று சேர்க்க மட்டும் நாக்கு வரவில்லை.

லயத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்த நேரம். ஆறுமுகமும் மனைவி தாயம்மாவும் சுங்கை காடுட்டில் பேக்டரி வேலை பார்க்கும் மகனோடு போய் இருக்க மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சிவபாக்கியம் போய்ப் படங்களைக் கேட்டபோது ஆறுமுகம் வெட்கப்பட்டார்.

"என்னத்துக்கு பாக்கியம்மா அது? சும்மா பொழுதுபோகாம கிறுக்கினது."

"பொழுதுபோகாமலா?" என்றார் தாயம்மா. "முப்பது வருசமா கட்டிலுக்கடியில இந்தத் தகரப்பெட்டிதான். பசாருக்குப் போயி மீன் வாங்கிட்டு வாய்யான்னா சாய டப்பி வாங்கிட்டு வருவாரு. நீங்க எடுத்துட்டுப் போங்கம்மா, எனக்கு எடமாவது கெடைக்கும்."

சொன்னாரே தவிர, பெட்டியை இழுத்துத் திறந்தபோது ஒவ்வொரு தாளையும் ஈரக் கை படாமல் முந்தானையால் பிடித்து எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். முப்பத்திரண்டு தாள்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் விளக்கோடு நிற்கும் பெண்கள், தீமிதிக்கு முந்தின நாள் குழி, மண்டோர் என்கிற கங்காணியின் சைக்கிள், கிராணி வீட்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்த கிராணி வீடு. சிவபாக்கியம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிடித்து, ஒன்றிலேயே நெடுநேரம் நின்று, பார்த்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. தன் வீடு வெளியிலிருந்து அவ்வளவு நீலமாக இருந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

"ஒரு வார்த்த" என்றார் ஆறுமுகம். "மாட்டுறதா இருந்தா பொகக்கூட்டுலயே மாட்டச் சொல்லுங்க. அங்கதான நான் நின்னேன்."

"அது இருட்டு, ஆறுமுகம். ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு நல்ல சுவர் கிடைக்கும். இங்கை வச்சிருந்தால் பூச்சி அரிக்கும், அங்கை பத்திரமாய் இருக்கும். நான் பார்த்துக்கொள்ளுறன்."

"பாக்கியம்மா பாத்துக்கிறேன்னா குடுத்துடு" என்றார் அவர் மனைவியிடம்.

சொக்கப்பன் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பிப் பார்த்தார். பிறகு தெற்குச் சுவர் முழுவதும் ஆறுமுகத்துக்கே என்றார்.

எண்பத்திரண்டு நவம்பரில் கூரையின் கடைசிப் பிளான் டிரேசிங்குக்கு வந்தது. கட்டடத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்ததுபோன்ற படம். ரம்பப் பல் ஒவ்வொன்றாக மையில் எடுத்துக்கொண்டு வந்தவரின் கை மூன்றாவது பல்லில் நின்றது. கோடு சரியாகத்தான் இருந்தது. மனதில் வந்தது அம்மா சின்னாச்சியின் குரல்: "பங்குனி பாதியாச்சு, சிக்கை மாத்துங்கோ."

கிராணி வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிற காரியம் அது. வெயிலை மறைக்கும் மூங்கில் தட்டிகளைச் சிக் என்பார்கள். பங்குனி நடுவில் அவற்றைத் தெற்கு வராந்தாவிலிருந்து கழற்றி வடக்கு வராந்தாவில் கட்டுவார்கள். புரட்டாசி பிறந்தால் மறுபடி தெற்குக்கு. ஏனென்றால் அந்த மண்ணில் சூரியன் பாதி வருடம் வடக்கே சாய்ந்துதான் போகும். வைகாசியிலும் ஆனியிலும் வடக்கு வராந்தாவில் வைத்த கதிரையில் மத்தியானம் உட்கார முடியாது. அதே மேட்டில், அந்த வராந்தாவுக்கு முந்நூறு அடி தள்ளி, மெய்யப்பன் வடக்கே கண்ணாடி வைத்திருந்தார்.

சிவபாக்கியம் பேனாவை மூடிவைத்துவிட்டுப் போய் மெய்யப்பனின் மேசை முன்னால் நின்றார்.

"தம்பி, இந்த வடக்குக் கண்ணாடிக்கு வெளியிலை சிக் கட்ட இடம் விடவேணுமோ?"

மெய்யப்பன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "சிக்கா? அக்கா, மியூசியம்லா இது! கிராணி வீடா, சிக்கக் கட்டி உள்ள உக்காந்து தேத்தண்ணி குடிக்க?"

பக்கத்து மேசைகளில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வடக்கு வெளிச்சம்க்கா. அசையாத வெளிச்சம். லண்டன்ல ஓவியர் வீடெல்லாம் இப்படித்தான். வடக்கே வெயில் நேரா அடிக்காது. நீங்க கவலப்படாம வரைங்க."

"சரி தம்பி" என்றார் சிவபாக்கியம்.

அந்த 'சரி'யைப் பற்றி அவர் பிற்பாடு பல வருடம் யோசித்தார். லண்டனில் அடிக்காத வெயில் லிங்கியில் அடிக்கும் என்பது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லப் படிப்பு வேண்டாம். 'கிராணி வீடா' என்ற சொல் சுட்டது உண்மை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் மறுபடி வாயைத் திறப்பதைவிடத் திரும்பிப் போய் உட்காருவது கௌரவமாகத் தோன்றியதும் உண்மை. ஆனால் அதற்கும் முன்னாலேயே பிழை நடந்துவிட்டது. அவர் சொல்லப் போகவில்லை, கேட்கப் போனார். கேள்வியாகக் கேட்டால் பதிலுக்கான பொறுப்பு மற்றவருடையது. மறுப்பது எளிதாக இருக்கும்படி அந்தக் கேள்வியை அவரே அமைத்திருந்தார். மேசைக்குத் திரும்பி, மீதிப் பற்களையும் வரைந்து முடித்தார். பிளேடு தேவைப்படவில்லை.

கலைக்கூடம் எண்பத்தைந்து தை மாதம் திறந்தது. தையில் சூரியன் தெற்கே இருக்கும். வடக்குக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் நிஜமாகவே எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சமாக இருந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பத்திரிகை கூரையைப் படம் பிடித்துப் போட்டது. சொக்கப்பன் ஆறுமுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு தெற்குச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார்.

தாயம்மா சிவபாக்கியத்தின் காதில் சொன்னார்: "லயத்துக் கக்கூஸ வரஞ்சி வச்சிருக்காரு பாத்தீங்களா, அதுக்கும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க. கோட்டுப் போட்ட ஆளு ஒருத்தரு அத உத்து உத்துப் பாக்குறாரு. வாசன வருதோ என்னமோ."

சிவபாக்கியம் சிரித்தார். ஒருவேளை நான் நினைத்ததுதான் தவறோ என்றுகூட அன்று நினைத்துக்கொண்டார்.

ஜூனில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். கூடத்தில் காவலாளியைத் தவிர ஆள் இல்லை. தெற்குச் சுவரில், முழங்கால் உயரத்திலிருந்து ஆள் உயரம்வரை, கூரைப் பற்களின் வடிவத்திலேயே வெயில் கட்டங்கட்டமாக விழுந்திருந்தது.

"காலையில மேக்குச் செவத்துல அடிக்கும். மத்தியானம் இங்க. சாயங்காலம் கெழக்க" என்றார் காவலாளி. "நானு நாற்காலிய அதுக்கேத்த மாரி நகத்திக்குவேன்."

அவரும் சிக்கை மாற்றிக்கொண்டுதான் இருந்தார். சிவபாக்கியம் கடையில் நாற்பது கெஜம் காடாத் துணி வாங்கிக் கொடுத்து, கண்ணாடிக்கு உள்ளே கட்டச் சொல்லிவிட்டு வந்தார். பத்து நாளில், யாரோ பெரிய விருந்தாளி வருகிறார் என்று சொக்கப்பனின் மகன் கண்ணப்பன் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. பந்தல் மாதிரி இருக்கிறதாம்.

அப்போதாவது மெய்யப்பனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் மேசைக்குப் பின்னால் அந்தப் பத்திரிகைப் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று வாரங்கள் போயின. புரட்டாசி வந்தது. சூரியன் தெற்கே போயிற்று. சுவர் பழையபடி சாந்தமாயிற்று. இந்தப் பிழையின் குணமே அதுதான். ஒழுகும் கூரையென்றால் கறை இருக்கும், விரிசலென்றால் காட்டலாம். இது ஆறு மாதம் தானாக மறைந்துபோகும். மறைந்த காலத்தில் சொன்னால் வீண் பழி போலிருக்கும். வெயில் திரும்பி வந்தபோது, போன வருடமே சொல்லியிருக்க வேண்டுமே என்ற வெட்கம் வாயை அடைத்தது. இப்படி நாலு ஜூன்.

எண்பத்தெட்டில் சொக்கப்பன் காலமாகிவிட்டார். அந்த ஆகஸ்டில் ஆறுமுகமும் தாயம்மாவும் ஆபீசுக்கு வந்தார்கள். ஆறுமுகத்துக்குக் கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "டாக்டரு நல்லா தெரியும்னாரு. மொதல்ல என் படத்தத்தான் பாக்கணும்னு ஆச. திறப்பு விழாவுக்கு அப்பறம் போகவே இல்ல. நீங்களும் வாங்க பாக்கியம்மா" என்றார்.

மறுத்துவிட ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. மூவரும் பஸ்ஸில் போனார்கள்.

தெற்குச் சுவருக்கு முன்னால் நின்ற ஆறுமுகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தில் போனார், தள்ளி வந்தார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"டாக்டரு சரியாப் பண்ணலியோ? எனக்கு ஒண்ணும் கலராத் தெரியலியே."

தாயம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனார். சுவரின் கடைசிக்குப் போய்த் திரும்பி வந்தார். "ஓங்கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். "எனக்கும் அப்படித்தான் தெரியுது."

சிவப்பு மை முதலில் போயிருந்தது. நீலம் இருந்த இடத்தில் பழுப்பு. வில்லைச் சாயங்கள் ஒரு சாடையாக மட்டும். கரி மாத்திரம் போட்டபடியே நின்றது. பெண்களின் ஓரம், சைக்கிளின் ஓரம், வேலி, வீடு. முப்பத்திரண்டு தாள்களும் இப்போது டிரேசிங் தாள்களைப் போல இருந்தன. அவ்வளவு சுத்தமான கோடுகள். சிவபாக்கியத்துக்குத் தன் மேசையைப் பார்ப்பதுபோல இருந்தது.

"கரிக்கு ஒண்ணும் ஆகல பாருங்க" என்றார் ஆறுமுகம், யாருக்கோ ஆறுதல் சொல்வதுபோல.

தாயம்மா சிவபாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "நீங்கதான பாத்துக்கிறேன்னீங்க?"

"ஓம். நான்தான் சொன்னனான்."

மறுநாள் காலை மெய்யப்பனிடம் சொன்னார். அவர் அன்றே காரெடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்தார். ஆபீசில் எல்லோரும் போன பிறகு, "எல்லாப் புத்தகத்துலயும் வடக்குன்னுதான்க்கா போட்டிருக்கான்" என்றார். பிறகு, "நான் பார்த்திருக்கணும். ஆனா நீங்க அந்த மேட்டுலயே வளர்ந்தவங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான்."

"எப்ப?"

"சிக் கட்ட இடம் விடவேணுமோ எண்டு கேட்டனான்."

மெய்யப்பனுக்கு அது ஞாபகம் வர நேரமாயிற்று. வந்தபோது முகம் மாறியது. அவர் மன்னிப்புக் கேட்டார். சிவபாக்கியத்துக்கு அதை வாங்கிக்கொள்ளப் பிடிக்கவில்லை. 'சொன்னனான்' என்று தான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். மெய்யப்பனுக்குத் தெரியவில்லை. நாணயமான மனிதர், முழுப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு கண்ணப்பனுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் நகலையும் சிவபாக்கியம்தான் ஆபீஸ் கோப்பில் வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் சுங்கை காடுட்டுக்குப் போனார். பேக்டரிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடு. ஆறுமுகம் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சிவபாக்கியம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வெயில் எப்படி வரும் என்று தெரியும், வரையும்போதே தெரியும், சொல்லவில்லை.

ஆறுமுகம் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா கேட்டிருப்பாங்களா?" என்றார்.

"தெரியாது. சொல்லேல்லை. அதுதான் விஷயம்."

"உக்காருங்க மொதல்ல."

"திரும்பப் போடலாமோ, ஆறுமுகம்? நான் தாள் வாங்கித் தாறன், நல்ல சாயம் வாங்கித் தாறன்."

உள்ளேயிருந்து தாயம்மா, "இப்ப சாயம் வாங்கித் தருவாங்களாம்" என்றார்.

ஆறுமுகம் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "கை கெடக்கட்டும். அதெல்லாம் நேர்ல பாத்துப் பாத்துப் போட்டது. இப்ப போய்ப் பாத்தா அங்க என்ன இருக்கு? பால்மரத்தையெல்லாம் சாச்சிட்டு செம்பனை வச்சிட்டானுங்க. ஒங்க வீடும் இல்ல, எங்க வீடும் இல்ல."

மன்னித்தாரா என்பது அன்றைக்கும் தெரியவில்லை, அப்புறமும் தெரியவில்லை. தாயம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். சிவபாக்கியம் அதைக் குடித்தார்.

அடுத்த வருடம் வடக்குக் கண்ணாடிகளுக்கு வெளியே சாய்ந்த மரச் சட்டங்கள் வரிசையாகப் பொருத்தினார்கள். அவற்றின் கோணத்தை மாதத்துக்கு மாதம் கணக்குப் பார்த்துச் சொன்னது சிவபாக்கியம். இந்த முறை கேட்கவில்லை, சொன்னார். மெய்யப்பன் அப்படியே எடுத்துக்கொண்டார். கூடம் முன்னைவிடக் கொஞ்சம் மங்கல், கூரையின் அழகும் போயிற்று, ஆனால் வெயில் உள்ளே வரவில்லை. காப்பாற்ற அங்கே மிச்சம் எதுவும் இல்லாத காலத்தில் கட்டடம் சரியாயிற்று. தொண்ணூற்றொன்றில் ஆறுமுகம் இறந்தார். தொண்ணூற்றுமூன்றில் சிவபாக்கியம் ஓய்வு பெற்றார்.

தொண்ணூற்றுநாலு மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணப்பன் தாயம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு சிரம்பானை ஒட்டிய ராசாவிலிருந்த சிவபாக்கியத்தின் வீட்டுக்கு வந்தார். கையில் திறப்பு விழாவுக்கு அச்சடித்த புத்தகம். அதில் முப்பத்திரண்டு படங்களும் இருந்தன, ஆனால் கறுப்பு வெள்ளையில். கூடவே பெயின்ட் கடையில் தரும் வண்ண அட்டைகள் ஒரு கட்டு.

"கே.எல்.ல ஒரு பையன் இருக்காரு, நல்ல கை" என்றார் கண்ணப்பன். "புதுத் தாள்ல, அதே அளவுல, அப்படியே போட்டுத் தரேங்கிறாரு. கோடு புத்தகத்துல இருக்கு. கலர் மட்டும் தெரிஞ்சா போதும். இப்ப வெளிச்சமும் சரியா இருக்கு. அப்பா ஆசப்பட்ட சுவரு அது. நீங்க பக்கத்துக்குப் பக்கம் அட்டையக் காட்டினா நான் குறிச்சுக்குவேன்."

தாயம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முன்னைக்குப் பாதியாக இருந்தார். "அவருதான் போயிட்டாரு. அந்தப் படமாவது திரும்பி வரட்டும் பாக்கியம்மா. எனக்குத் தெரியாது, நான் சமையக்கட்டுலேருந்து பாத்தவ. நீங்கதான் அன்னிக்கி ஒண்ணொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் புடிச்சுப் பாத்தீங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

சிவபாக்கியம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை மடியில் வைத்துத் திருப்பத் தொடங்கினார். பெரட்டுக் களத்தில் விளக்குகளைச் சுற்றி மஞ்சள் இல்லை, செம்மை; பெண்களின் தலைத்துண்டு ஒன்று மட்டும் பச்சை. தீக்குழியில் ஒரு துளிச் சிவப்பும் கிடையாது, சாம்பலும் நீலமும்தான். சிவப்பு முழுவதும் குழிக்கு மேலே வானத்தில் இருந்தது. மண்டோரின் சைக்கிள் ஊதா. கிராணி வீட்டின் நீலம் சுவரில் அல்ல, வடக்கு வராந்தாவின் நிழலில் தொடங்கிச் சுவருக்கு ஏறியது. முப்பத்திரண்டும் அவர் நினைவில் அப்படியே இருந்தன. ஒரு பக்கத்தில் அவர் விரல் வண்ண அட்டைக்குப் போய், ஒரு நீலத்தின்மேல் நின்றது. கண்ணப்பன் பென்சிலை எடுத்தார்.

நேரில் பார்த்துப் பார்த்துப் போட்டது என்று ஆறுமுகம் சொன்னது நினைவுக்கு வந்தது; இது இன்னொரு டிரேசிங். விரல் அட்டையிலிருந்து விலகியது. மீதிப் பக்கங்களையும் பொறுமையாகக் கடைசிவரை திருப்பினார். புத்தகத்தை மூடி, அட்டைக் கட்டை அதன்மேல் வைத்துக் கண்ணப்பனிடம் நீட்டினார்.

"எனக்கு நினைவில்லை, தம்பி."

"ஒண்ணுகூடவா ஆன்ட்டி?"

"ஒண்டுகூட இல்லை."

தாயம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது உண்மையில்லை என்று அந்த அறையில் தெரிந்த இன்னொருவர் அவர்தான். எழுந்து, வாசல்வரை போய், செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் சிவபாக்கியம் உயிரோடு இருந்தார். கண்ணப்பன் இரண்டு முறை டெலிபோன் செய்தார், மெய்யப்பன் ஒரு முறை நேரில் வந்து கேட்டார். இரண்டு பேருக்கும் அதே பதில்தான். ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.